கம்பியில் மூன்று தட்டல்

சுவர்ப் பலகையில் சாய்த்து வைத்திருந்த தகரத் தட்டு மூன்று முறை அதிர்ந்து நின்றது. உச்சிப்பொழுதுதான். ஆனால் நான்கு நாளாக மலையைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்த மூடுபனியில் உச்சிப்பொழுதுக்கும் விடியலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அறுந்துபோன செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தவன் ஊசியைப் பிடித்த கையோடு அந்தத் தட்டைப் பார்த்தான். எலி இல்லை. காற்றும் இல்லை. மழைகூட விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தவிர வேறு சத்தம் எதுவும் இல்லை.

அந்தத் தட்டு எதற்காக அதிரும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மலை உச்சிக் காட்டில் வெட்டிய மரத்துண்டுகளைக் கீழே இறக்குகிற இரும்புக் கம்பி, பள்ளத்தாக்குக்கு மேலாக, பதினோரு கம்பங்களைத் தாண்டி வந்து, அவனும் மனைவியும் குடியிருந்த அறையின் சுவருக்கு அடியில்தான் புதைந்திருந்தது. மேல்கொட்டகையில் ஒருவன் சுத்தியலால் கம்பியைத் தட்டினால் அந்த அதிர்வு ஒன்றரை மைல் ஓடிவந்து இங்கே பாத்திரத்தை ஆட்டும். ஒரு தட்டல் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் மரம் வருகிறது. மூன்று என்றால் ஆள் வருகிறான். கேட்டவன் அதே எண்ணிக்கையில் திருப்பித் தட்ட வேண்டும். பதில் வராமல் மேலே இருப்பவன் கம்பியில் தொங்குகிற பெட்டியின் கொக்கியை விடமாட்டான்.

ஆட்கள் ஏறக்கூடாது என்று கம்பெனி ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தது. அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் பெட்டிக்குள் கால் வைத்தார்கள். நடந்து இறங்கினால் அரை நாள் ஆகும், பெட்டியில் உட்கார்ந்தால் கால் மணி நேரம். நாள் முழுக்கக் கோடரி பிடித்த உடம்பு எதைத் தேடும் என்று கம்பெனிக்கு எங்கே தெரியப்போகிறது.

ஆனால் இப்போது மேலே யாரும் இல்லை. மழைக்காலத்துக்கு வேலையை நிறுத்திப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய்விட்டார். மேலே போகிற ஒற்றையடிப் பாதையும் மண் சரிந்து மூடிக்கொண்டது. சக்கரத்துக்கு எண்ணெய் போடவும் கம்பிக்குக் காவலாகவும் கீழ்க்கொட்டகையில் அவனும் அவன் மனைவியும் மட்டும் தங்கியிருந்தார்கள்.

வேலைக்காரர்கள் அவனைச் செவிடன் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அந்த மலையிலேயே கூர்மையான காது அவனுடையதுதான். பாதி வழியில் வருகிற மரம் நனைந்ததா காய்ந்ததா என்பதைக் கம்பியின் இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவான். பெண்டாட்டி விறகு பிளக்கச் சொன்னால் மட்டும் அந்தக் காதில் எதுவும் விழாது. அப்படி வந்த பெயர் அது.

தட்டு மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை அவன் அதை எண்ணவில்லை, கேட்டான். இரண்டு தட்டல் ஒட்டினாற்போல் வந்தன. பிறகு ஒரு சின்ன இடைவெளி, எதையோ மறந்துபோய் நினைத்துக்கொண்டதுபோல. பிறகு மூன்றாவது.

அப்படித் தட்டுகிறவன் ஒருவன்தான் இருந்தான். அவன் மனைவியின் தம்பி, மேல்கொட்டகையில் கொக்கியை விடுகிறவன். மூன்றாவது தட்டலுக்கு முன்னால் அரை மூச்சு நிற்பான் என்பதால் அவனுக்கு அரைமூச்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பலகையில் இருந்ததும் அவன் சாப்பிடுகிற தட்டுதான். தினமும் அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள் அவனுடைய அக்கா.

ஊசி விரலில் ஏறியிருந்தது. அது வலித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. எழுந்து போய்த் தட்டை எடுத்து, மடித்த போர்வைக்கு மேல் வைத்தான். பிறகு கொட்டகைக்குப் போய், சுவருக்குள் கம்பி இறங்குகிற இடத்தில் ஈரச் சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையில் மூன்று முறை துடித்தது. பதில் தட்டுகிற சுத்தியல் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

ஊற்றுக்குப் போயிருந்த மனைவி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது தட்டு.

"இத யாரு இங்க எடுத்து வெச்சது?"

"விழுந்துடப் போகுதேன்னு நான்தான் வெச்சேன்."

"இத்தன நாளா விழாதது இன்னிக்கு விழுந்துடுமாக்கும்." அவள் தட்டைப் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தாள். அப்புறம் அவன் கழுத்தைப் பார்த்தாள். "மப்ளர் இன்னும் கெடைக்கலையா? கண்ணு பூத்துப்போயிப் பின்னுனேன் அத. குளிர்ல கோழி மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டுத் திரியறீங்க."

"எங்கயோ விழுந்துடுச்சு. தேடறேன்."

"தேடிக் கிழிச்சீங்க."

அவள் சிரிக்கவில்லை. பதினெட்டு நாளாக அவள் சிரிக்கவில்லை. தாய் போன பிறகு அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கல்யாணம் ஆகி வந்தபோது, "இவனையும் சேத்துக் கூட்டிட்டுப் போனாத்தான் வருவேன்" என்று ஒரே பிடியாக நின்றவள். அவனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பயம், அவள் தன்னை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கும் நாள்தான்.

தம்பி காணாமல்போன அன்று அவன் எல்லோரிடமும் சொன்னது ஒன்றே ஒன்று: பெட்டி காலியாகத்தான் வந்தது. அது பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் மீதி எல்லாம்.

வேலையின் கடைசி நாள். காலையிலிருந்து முப்பது பெட்டி மரம் இறக்கியிருந்தான். சக்கரத்தின் மேல் அழுந்துகிற தடைக்கட்டையின் நீளமான பிடி அவன் கையில்தான் இருக்கும். மரம் வரும்போது கட்டையை அழுத்தி, ஒரு ஆப்பை அடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆள் வரும்போது ஆப்பு கூடாது. கையாலேயே பிடித்து, கொஞ்சம் விட்டு, மறுபடி பிடித்து இறக்க வேண்டும், கம்பத்தைத் தாண்டுகிற ஒவ்வொரு முறையும் இறுக்க வேண்டும். முப்பத்தோராவது முறை மூன்று தட்டல் வந்தது. அவனும் மூன்று தட்டினான். வாய்கூட "வாடா மாப்ள" என்றது. கை மட்டும் முப்பது முறை செய்ததையே செய்தது. ஆப்பை அடித்துவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினான்.

ஆப்பு தெறித்த சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தான். அவன் பிடியை எட்டுவதற்குள் சக்கரம் அலறியது. பெட்டி பாய்ந்து வந்து தளத்தின் விளிம்புப் பலகையை உடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு செருப்பு கிடந்தது. மற்றவர்கள் நடந்து இறங்கி வருவதற்குள் செருப்பை அடுப்பில் போட்டுவிட்டு வேறு பலகை அடித்துவிட்டான்.

எல்லோரும் இரண்டு நாள் தேடினார்கள். பள்ளத்தில் மழை கொட்டியது. மூன்றாம் நாள் அவன் தனியாகப் போனான். ஏழாவது கம்பத்துக்குக் கீழே, பாறை இடுக்கில் கிடந்தான் மைத்துனன். முகத்தைப் பார்க்க முடியாமல் தன் கழுத்திலிருந்த மப்ளரை உருவி அதன் மேல் போட்டான். பிறகு ஓடைக் கற்களைத் தூக்கி வந்து அடுக்கினான். பெரிய கற்கள். ஊருக்குத் தூக்கி வந்தால் கேள்வி வரும். பெட்டி எவ்வளவு வேகமாக வந்திருந்தால் ஆள் இப்படித் தெறித்திருப்பான் என்று மேஸ்திரி கேட்பார். அவளும் கேட்பாள். அடுக்கும்போது அழுதுகொண்டேதான் அடுக்கினான். கடைசிக் கல்லைப் பற்றி மட்டும் அவன் நினைப்பதே இல்லை.

சாக்குக் கட்டிய மறுநாளும் உச்சிப்பொழுதுக்குத் தட்டல் வந்தது. சாக்கு அதை நிறுத்தவில்லை, மழுங்கடிக்க மட்டும்தான் செய்தது. அவள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவன் உரக்க இருமினான். காரணமே இல்லாமல் விறகு பிளந்தான். விறகு பிளக்கிற சத்தத்துக்கு நடுவிலும் அந்த அரை மூச்சு இடைவெளி அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்ன அதிசயம், கேக்காமயே வெறகெல்லாம் பொளக்கறீங்க" என்றாள் அவள்.

அன்று மாலை கம்பியைக் கழற்றிவிட முடியுமா என்று பார்த்தான். ஆறு பேர் சேர்ந்து அடித்த முடிச்சு அது. ஒரு திருகுகூட அசையவில்லை. பாதையில் இறங்கி அடிவாரத்துக்குப் போய்விடலாம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தான். "அவன் ஒருவேள திரும்பி வந்தா யாரு இருப்பா இங்க?" என்று கேட்டுவிட்டுப் போய் அடுப்பை ஊதினாள்.

மூன்றாம் நாள் மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. சக்கரத்தின் மேல்பாதி தெரியவில்லை. எண்ணெய், நனைந்த மரத்தூள், துருப்பிடித்த இரும்பு என்று வழக்கமாக வீசுகிற வாசனைகளோடு ஓடைக்கல்லின் குளிர்ந்த பாசி வாசனையும் கலந்திருந்தது. ஓடை எங்கேயோ கீழே, ஏழாவது கம்பத்துக்கும் கீழே இருந்தது. அவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சை உள்ளே இழுத்த சத்தம்.

அவள் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தட்டு அவள் கையிலேயே அதிர்ந்தது. இரண்டு. இடைவெளி. ஒன்று.

"என்னங்க." அவள் தட்டை மார்போடு அணைத்தாள். "இது தம்பிங்க."

"காத்துல கம்பம் ஆடுது. சில நேரம் இப்படித்தான்..."

"காத்தா? எங்க காத்து? ஒரு இல ஆடுதா பாருங்க." அவள் சுவரோரம் போய்ச் சாக்கைப் பார்த்தாள். சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

அவன் எண்ணெய்க் கிண்ணத்தை மறு கைக்கு மாற்றினான்.

"உங்களுக்கு முன்னாடியே கேட்டுச்சா?"

"மேல யாரும் இல்ல. பாதையே மூடிக்கிடக்கு. யாரு போக முடியும்?"

"போகவே வேணாமே, அங்கயே இருந்திருந்தா?" அவள் இப்போது வேகமாகப் பேசினாள். இருபது நாளாகத் தனக்குள்ளேயே கோத்து வைத்திருந்ததை எடுத்து வைப்பதுபோல இருந்தது. "அவன் பெட்டியில ஏறுனத யாரு பாத்தா? மூடுபனியில தட்டுறது கேட்டுச்சுன்னுதான சொன்னாங்க? பயந்து எறங்கியிருப்பான். காட்டுல வழி தவறியிருப்பான். இப்பதான் கொட்டகைக்கு வந்து சேந்திருப்பான். நீங்கதான சொன்னீங்க, பெட்டி காலியா வந்துச்சுன்னு?"

அவன் சொன்னதுதான். அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் சோறு தின்றிருக்கிறாள். இல்லை என்று சொல்ல அவனிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியைத் திறந்தால் கற்கள்தான் தெரியும்.

"பதில் தட்டுங்க" என்றாள்.

"வேணாம்மா. சொல்றதக் கேளு."

"எம் தம்பி மேல பட்டினி கெடக்கறான். தட்டுங்கன்னு சொல்றேன்."

அவன் சுத்தியலை எட்டிப் பிடிக்க நகர்ந்தான், ஒளித்து வைப்பதற்காக. அவள் அவனை முந்திக்கொண்டாள். சாக்கை இழுத்து எறிந்துவிட்டு ஓங்கித் தட்டினாள். மூன்று முறை. இந்த வேலையை அவள் ஒருநாளும் செய்ததில்லை. ஆனாலும் தம்பியைப் போலவே தட்டினாள். இரண்டு, இடைவெளி, ஒன்று.

எதுவும் நடக்கவில்லை. கூரை சொட்டியது. அவன் ஒரு நீண்ட மூச்சை விடத் தொடங்கினான்.

சக்கரம் அசைந்தது.

கையிலிருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டு அவன் தடைக்கட்டையின் பிடியில் பாய்ந்து விழுந்தான். அது பழக்கம். யோசித்திருந்தால் பிடித்திருக்கமாட்டானோ என்னவோ. கட்டை சக்கரத்தில் உரசி முனகியது. பிடி வழியாகப் பாரம் கைக்கு வந்தது. இருபது வருடமாக அந்தப் பிடியைப் பிடித்தவன். மரம் எவ்வளவு கனக்கும், காலிப் பெட்டி எவ்வளவு கனக்கும், ஒரு ஒல்லியான வாலிபன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தால் எவ்வளவு கனக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

ஒல்லியான வாலிபன்தான்.

"மெதுவா விடுங்க" என்றாள் அவள் தளத்தின் விளிம்பில் நின்று. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அவனுக்குத் தலசுத்தும். மெதுவா."

முதல் கம்பத்தில் குலுங்கியது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு கம்பத்திலும் அவன் தன்னை அறியாமல் இறுக்கிப் பிடித்தான், அன்று செய்திருக்க வேண்டியபடியே. உடம்பெல்லாம் வேர்த்தது. ஐந்து. ஆறு.

ஏழாவது கம்பத்தில் பெட்டி நின்றது.

அவன் நிறுத்தவில்லை. கட்டை தளர்வாகத்தான் இருந்தது. மூடுபனிக்குள் எங்கேயோ, அந்தரத்தில், பெட்டி தானாக நின்றது. கம்பி இரையாமல் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. பலகையில் கல் விழுகிற சத்தம். டொக். பிடி ஒரு இழை கனத்தது. டொக். இன்னொரு இழை. நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. அவன் அடுக்கிய அதே நிதானத்தில்.

"என்னங்க அது?" என்றாள்.

"ஒரு தட்டல் தட்டு! நிறுத்தச் சொல்லு!"

"எதுக்கு? இவ்வளவு தூரம் வந்தாச்சு."

"தட்டுடி! கெஞ்சிக் கேக்கறேன். தட்டு!"

அவள் தட்டவில்லை. சக்கரம் மறுபடி சுழன்றது. இப்போது வந்த பாரத்தில் அவன் தோள் விலகிப்போகும் போலிருந்தது. காலை உதைத்துக்கொண்டு முழு உடம்பையும் பிடியின் மேல் போட்டான். கட்டை புகைந்தது. பெட்டி நிற்கவில்லை. வேகமும் எடுக்கவில்லை. தன் இஷ்டத்துக்கு வந்தது.

அப்போதுதான் அவன் சொன்னான். இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்துதான் சொன்னான். "அவன் செத்துட்டான்! நான் பாத்தேன்! நான்தான் கொன்னேன், ஆப்பு வெச்சது நான்தான்!" தொண்டை கிழியக் கத்தினான். சக்கரம் அதைவிடப் பெரிதாக அலறியது. அவள் திரும்பி, காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். கேட்கவில்லை என்று. மறுபடியும் மூடுபனியைப் பார்த்து நின்றுகொண்டாள்.

எட்டு. ஒன்பது. பத்து.

பாசி வாசனை.

பதினொன்று.

மூடுபனியிலிருந்து பெட்டி வந்தது. தளத்தின் மேல் மெல்ல ஆடி நின்றது. சக்கரத்தின் அலறல் ஓய்ந்தது. பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அவள் நின்றிருந்தாள். பெட்டியைத் தளத்தோடு பிடித்து நிறுத்துகிற கொக்கி இன்னும் மாட்டவில்லை. இந்தப் பாரத்தோடு அவன் பிடியை ஒரு விரல் தளர்த்தினாலும் பெட்டி பாய்ந்து அவளைச் சக்கரத்தோடு சேர்த்து நசுக்கிவிடும். அவனுக்கு அது தெரியும்.

"கொக்கிய மாட்டு" என்றான். குரல் எழும்பவில்லை. "அங்கேருந்து விலகு. தயவுசெஞ்சு விலகு."

அவள் பெட்டிக்குள் குனிந்தாள்.

"தம்பி?"

உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"கல்லா இருக்குங்க" என்றாள். "யாரு இப்படிக் கல்லப் போட்டு வெச்சிருக்கறது?"

இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கிக் கீழே போட்டாள். ஈரமான ஓடைக்கல். அவன் அதை அடையாளம் கண்டுகொண்டான். ஒரு பக்கம் உடைந்து கூராக இருந்த கல். தூக்கும்போது அவன் கட்டைவிரலைக் கிழித்த கல். கடைசிக் கல். அதை வைப்பதற்குக் குனிந்தபோதுதான் மப்ளர் அசைந்தது. அன்று மழை நின்றிருந்தது. காற்று இல்லை. காற்று என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டு வைத்தான்.

அவள் இன்னொன்றைத் தூக்கினாள். இன்னொன்றை. கற்கள் தளத்தில் விழுந்தன. பாரம் குறையவே இல்லை.

அவள் கை நின்றது.

பச்சை நிறம். ஓரத்தில் ஒரு கண்ணி தவறிய பின்னல். அவள் பின்னியது.

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவனால் பிடியை விடவும் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியவில்லை. அவள் பார்வை அவன் வெறும் கழுத்தில் இருந்தது.

கற்களுக்கு நடுவில் மப்ளர் எழும்பியது.

தாழ்ந்தது.

எழும்பியது. தாழ்ந்தது.

அரை மூச்சு.

பிறகு மூன்றாவது.